பத்துக்குப் பத்து அறையும் புது மானிட்டரும்

இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் குமரி மாவட்டத்துக்காரர் ஒருவர் தன் பாட்டைத் தரமாகப் பதிவு செய்ய ஆசைப்பட்டால் பெரும்பாலும் திருவனந்தபுரத்துக்கோ சென்னைக்கோ பஸ் ஏற வேண்டியிருந்தது. இன்று படுக்கையறையின் ஒரு மூலை போதும். ஒரு கம்ப்யூட்டர், ஒரு சவுண்ட் கார்டு, ஒரு கண்டென்சர் மைக், மேஜையின் இரண்டு ஓரத்திலும் ஐந்தங்குலக் கூம்புள்ள மானிட்டர் ஸ்பீக்கர்கள். சர்ச் திருவிழாவுக்கான பாட்டு, முத்தாரம்மன் கொடைக்கான பாட்டு, வில்லுப்பாட்டுப் பதிவு, குறும்படத்தின் பின்னணி இசை என்று எல்லாம் இப்படிப்பட்ட அறைகளிலிருந்து வெளியே வருகின்றன.

வேலை கொஞ்சம் கைக்கு வந்ததும் ஒரு கேள்வி எழும்: மானிட்டரை மாற்றலாமா? வீட்டில் கும்மென்று கேட்ட பாட்டு காரில் சப்பென்று இருக்கிறது. கோயில் முற்றத்து மைக் செட்டில் போட்டால் குரல் அமுங்கிப்போகிறது. சந்தேகம் முதலில் விழுவது கண்ணெதிரே இருக்கும் பெட்டிகள்மேல்தான். கடைக்காரரைக் கேட்டால் எட்டங்குலம் வாங்கச் சொல்வார். அனுபவப்பட்ட ஒருவர், இருப்பதையே பழகிக்கொள்ளலாம் என்பார். இன்னொருவர் அறையைச் சரிசெய்யச் சொல்வார். நாலாமவர் நல்ல ஹெட்போன் போதும் என்று முடித்துவிடுவார். நாலு பேர் பேச்சிலும் நியாயம் உண்டு. எதை முதலில் செய்வது என்ற வரிசையில்தான் சிக்கல். காசு வீணாவதும் அங்கேதான்.

பெயர் வாங்கிய பெட்டிகள்

மானிட்டர்களின் சரித்திரத்தைப் புரட்டினால், விலைக்கும் பெயருக்கும் நேரடித் தொடர்பு குறைவு என்பது தெரியும். யமஹா நிறுவனம் 1978-இல் வெளியிட்ட என்எஸ்-10, வீட்டில் பாட்டுக் கேட்பதற்காகச் செய்த ஸ்பீக்கர். தாழ்ந்த ஒலி குறைவு, நடு ஒலி தூக்கல். வீட்டுச் சந்தையில் அதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. ஆனால் அமெரிக்காவில் பாப் கிளியர்மவுண்டன் போன்ற மிக்ஸிங் பொறியாளர்கள் அதை மிக்ஸர் மேல் தூக்கிவைத்து வேலை செய்தார்கள். உச்ச ஒலி காதைக் குத்துகிறது என்று ட்வீட்டர் மேல் டிஷ்யூ காகிதம் ஒட்டியவர்களும் உண்டு. 2001-இல் தயாரிப்பு நிற்பதற்குள் அந்த வெள்ளைக் கூம்பு உலகத்து ஸ்டுடியோக்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அதே ஆண்டில் ஒலியியல் ஆய்வாளர்கள் பிலிப் நியூவெல், கீத் ஹாலண்ட் ஆகியோர் அதை மற்ற மானிட்டர்களோடு சேர்த்து அளந்தபோது ஒரு காரணம் புலப்பட்டது. துளையில்லாத அடைத்த பெட்டி என்பதால், ஒலி நின்றவுடன் அதன் கூம்பும் சட்டென்று நின்றுவிடுகிறது. துளை வைத்த பெட்டிகளில் தாழ்ந்த ஒலி ஒரு கணம் இழுத்துக்கொண்டே போகும்.

பிபிசி 1970-களில் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக எல்எஸ்3/5ஏ என்ற சின்னப் பெட்டியை உருவாக்கியது. வேனுக்குள் பெரிய ஸ்பீக்கர் வைத்தால் என்ன ஆகும் என்பது அந்தப் பொறியாளர்களுக்குத் தெரியும். அடியாழத்தை விட்டுக்கொடுத்து, பேச்சும் பாட்டும் துல்லியமாகக் கேட்டால் போதும் என்று முடிவெடுத்தார்கள். ஆரடோன் என்ற கையடக்கச் சதுரப் பெட்டியில் ஸ்பீக்கர் ஒன்றே ஒன்றுதான். காரிலும் சின்ன ரேடியோவிலும் பாட்டு எப்படிக் கேட்கும் என்று பார்க்கவே பெரிய பெரிய ஸ்டுடியோக்கள் அதை வைத்திருந்தன.

அண்மைக் காலத்து உதாரணம் அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ். அவருடைய 2019 ஆல்பத்தை அண்ணன் ஃபினியாஸ், லாஸ் ஏஞ்சலிஸில் பெற்றோர் வீட்டுப் படுக்கையறையில் தயாரித்தார். மேஜையில் இருந்தவை யமஹா ஹெச்எஸ்5. இன்று நம் ஊர் வீட்டு ஸ்டுடியோக்களிலும் சாதாரணமாகக் காணக்கிடைக்கும் அதே ஐந்தங்குலம். அடுத்த ஆண்டு கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதும் கிடைத்தது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பாதியில் நிறுத்திவிடுவது வழக்கம். மிக்ஸிங் செய்தவர் ராப் கினெல்ஸ்கி, மாஸ்டரிங் செய்தவர் ஜான் கிரீனம். இரண்டு வேலையும் அனுபவசாலிகளின் கையில், வேறு காதுகளின் பொறுப்பில் நடந்தன.

தமிழ்நாட்டிலும் இதற்கு முன்னோடி உண்டு. ஏ.ஆர். ரகுமான் 1989-இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டிப் பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற ஸ்டுடியோவைத் தொடங்கினார். 1992-இல் வந்த ‘ரோஜா’வின் பாடல்கள் உருவான இடம் அது. அவருடைய ஒலியை வடித்ததில் 2008-இல் மறைந்த ஒலிப்பொறியாளர் ஹெச். ஸ்ரீதருக்குப் பெரிய பங்குண்டு. வீடு என்பது முகவரிதான். உள்ளே இருந்தது ஒலிக்கென்று அமைத்த கூடம்.

அறை போடும் கணக்கு

நாகர்கோவிலைச் சுற்றி இப்போது கட்டப்படும் வீடுகளில் கான்கிரீட் தளம், சிமெண்ட் பூச்சுச் சுவர், வழவழப்பான டைல்ஸ் தரை. ஒலியை உள்வாங்க அங்கே எதுவும் கிடையாது. படுக்கையறை பத்தடிக்குப் பத்தடி. உயரமும் ஏறக்குறைய பத்தடியே. ஒலியைப் பொறுத்தவரை இந்தக் கனசதுரத்தைவிட மோசமான வடிவம் கிடைப்பது கஷ்டம்.

காரணம் இது. இரண்டு சுவர்களுக்கு இடையே ஒலி போய் வந்து தன்மேலேயே ஏறிக்கொள்ளும் சில அலைவரிசைகள் ஒவ்வொரு அறைக்கும் உண்டு. ஒலியின் வேகத்தைச் சுவர்களின் தூரத்தைப் போல இருமடங்கால் வகுத்தால் முதல் அலைவரிசை கிடைக்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு சுமார் 349 மீட்டர் போகிறது. பத்தடி என்பது 3.05 மீட்டர். ஆக 57 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பு 115. மும்மடங்கு 172. அறை நீளவாக்கில் பன்னிரண்டடி இருந்தால் அந்தத் திசைக்கு 48 என்று மாறி, சுமை பிரிந்துவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றானால் மூன்று திசையின் அலைகளும் ஒரே எண்ணில் வந்து குவியும்.

இனி உட்காரும் இடம். பெரும்பாலோர் நாற்காலியைப் போடுவது அறையின் நட்டநடுவில். அங்கே 57 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய காணாமல் போகும். 115 ஹெர்ட்ஸ் வீங்கும். நடுவில் இருப்பவருக்கு அடி பேஸ் போதவில்லை என்று தோன்றும், தூக்கி வைப்பார். அந்தப் பாட்டைக் காரில் போட்டால் கதவு அதிரும். 115-ஐ ஒட்டிய ஒலி அதிகம் என்று தோன்றுவதால் அதை வெட்டுவார். வெளியே போட்டால் பாட்டு உள்ளீடற்றுக் கேட்கும். மானிட்டர் உள்ளதை உள்ளபடி சொன்னாலும் அறை அதைத் திரித்தே காதில் போடுகிறது.

இதைச் சோதித்துப் பார்க்கக் காசு வேண்டாம். 40-லிருந்து 200 ஹெர்ட்ஸ்வரை மெதுவாக ஏறும் ஒரு சைன் ஒலியை ஒரே சத்தத்தில் ஓடவிட வேண்டும். நாற்காலியில் கேட்கும்போது சில இடத்தில் ஒலி அமுங்கும். சில இடத்தில் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும். பிறகு நாற்காலியை ஒரு அடி முன்னே தள்ளி அதே ஒலியை மறுபடி ஓட்டினால், அமுங்கிய இடமும் அதிர்ந்த இடமும் மாறியிருக்கும். ஸ்பீக்கரைத் தொடவே இல்லை.

சுவருக்கும் மானிட்டருக்கும் உள்ள தூரம் இன்னொரு வில்லங்கம். பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, நேராக வரும் ஒலியை ஓர் அலைவரிசையில் ரத்து செய்யும். சுவரிலிருந்து கூம்பு 75 செ.மீ. தள்ளியிருந்தால் அந்தப் பள்ளம் 116 ஹெர்ட்ஸில் விழும். 30 செ.மீ.க்கு நெருக்கினால் 290-க்கு ஏறிவிடும். அங்கே அதன் சேதம் குறைவு. ஆனால் சுவர் நெருங்க நெருங்கத் தாழ்ந்த ஒலி தூக்கும். அதைக் குறைக்கத்தான் ஹெச்எஸ்5-இன் முதுகில் ‘ரூம் கண்ட்ரோல்’ என்ற சுவிட்ச் இருக்கிறது. 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2 அல்லது 4 டெசிபல் குறைத்துக்கொள்ளலாம். வாங்கிய நாளிலிருந்து அந்தச் சுவிட்சைத் தொடாதவர்கள் ஏராளம்.

பழைய நாஞ்சில் நாட்டு ஓட்டு வீடுகள் இந்த விஷயத்தில் தப்பித்தவை. சரிந்த கூரை, மரத்தட்டு, மரக்கதவு ஆகியவை தாழ்ந்த ஒலியில் ஒரு பங்கை உள்வாங்கியும் வெளியே விட்டும் சமாளித்துவிடும். விலை என்னவென்றால், பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தமும் மைக்கில் ஏறும். மாடியில் தகர ஷீட் போட்ட அறைக்கோ வேறு பாடு. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழைக்காலமும் அடித்துப் பெய்யும் மாவட்டம் இது. மழை பிடித்தால் ரெக்கார்டிங்கை நிறுத்த வேண்டியதுதான்.

குடத்துக்கு எட்டங்குலம் வேண்டுமா?

என்ன இசை செய்கிறோம் என்பதைப் பொறுத்தும் பதில் மாறும். வில்லுப்பாட்டையே எடுத்துக்கொள்ளலாம். வில்லில் கட்டிய மணிகள் உச்ச ஒலி. உடுக்கையும் பாட்டுக்காரர் குரலும் நடு ஒலி. அடியில் நிற்பது குடம். பானைக்குள் இருக்கும் காற்று வாய் வழியே அதிர்வதால் வரும் கும்மென்ற ஓசை அது. 20 லிட்டர் கொள்ளும், 12 செ.மீ. வாயுள்ள பானைக்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ் கணக்கைப் போட்டால் 120 ஹெர்ட்ஸை ஒட்டி வருகிறது. ஹெச்எஸ்5 அதிகம் குறையாமல் தரும் எல்லை 74 ஹெர்ட்ஸ். 54-க்கு வரும்போது 10 டெசிபல் விழுந்திருக்கும். எனவே குடத்தின் ஓசை ஐந்தங்குல மானிட்டரின் எல்லைக்குள் பத்திரமாக இருக்கிறது. அதைக் கெடுப்பது 115-இல் வீங்கும் பத்தடி அறை. கணியான் கூத்தில் அடிக்கும் மகுடம் என்ற தோல் வாத்தியங்களுக்கும் இதே நிலைமைதான். உச்சம், மந்தம் என்ற இரண்டு மகுடங்களும் ஒன்றோடொன்று எப்படி உட்காருகின்றன என்று அறிய அடியாழ பேஸைவிட நடு ஒலியின் தெளிவுதான் உதவும்.

சினிமாப் பாணியில் சிந்தசைசர் பேஸ் போடுபவர் கதை வேறு. பேஸ் கிட்டாரின் அடிக்கம்பியே 41 ஹெர்ட்ஸ். எலக்ட்ரானிக் கிக் 50-ஐ ஒட்டி இறங்கும். ஐந்தங்குலத்தில் அது கேட்காது. கேட்பது அதன் மேல் சுரங்கள்தாம். அதே வரிசையின் எட்டங்குல ஹெச்எஸ்8 அதிகம் குறையாமல் 47-வரைக்கும், குறைந்த அளவில் 38-வரைக்கும் இறங்கும். இங்கே எட்டங்குலத்துக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அதே எட்டங்குலம் பத்தடிக் கனசதுர அறையில் 57 ஹெர்ட்ஸை முழு பலத்தோடு கிளப்பிவிடும். ஐந்தங்குலம் தன் இயலாமையாலேயே அந்தத் தொல்லையைப் பாதி மறைத்து வைத்திருந்தது. காசு கூடப் போட்டு வாங்கியவர் முன்பைவிடக் குழம்பிப்போவது இப்படித்தான்.

பாட்டு போய்ச் சேரும் இடத்தையும் பார்க்க வேண்டும். கொடை விழாவில் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் தாழ்ந்த ஒலி அதில் அறவே வராது; கூம்பு வடிவம் நடு ஒலியைத்தான் ஊருக்கு எறியும். மற்றவர்கள் கேட்பது பெரும்பாலும் செல்போனில். இரண்டிலும் பாட்டு நிற்பதும் விழுவதும் 300 ஹெர்ட்ஸுக்கும் 4,000-க்கும் இடையே. குரல் அமுங்குகிறதா என்பதை அறிய, ஒற்றைச் சின்ன ஸ்பீக்கரில் மோனோவாக, குறைந்த சத்தத்தில் கேட்பதே நல்ல வழி. ஆரடோன் செய்துவந்த வேலையை இன்று ஒரு சாதாரண புளூடூத் பெட்டி செய்துவிடும்.

கண் சொல்வதைக் காது கேட்கிறது

புது மானிட்டர் வாங்கியவர் எல்லாம் தெளிவாகக் கேட்கிறது என்று சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல், ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தின் ஊழியர்களை உட்காரவைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். நான்கு ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னாலும், கண்ணுக்குத் தெரியும்படியும் ஒலிக்கவிட்டு மதிப்பெண் கேட்டார்கள். திரை இருந்தபோது நல்ல மதிப்பெண் வாங்கிய, விலை குறைந்த சின்னப் பெட்டி, கண்ணில் பட்டதும் கீழே இறங்கியது. பெரிய, ஆடம்பரமான பெட்டிகள் மேலே ஏறின. அத்தனை பேரும் ஒலித்துறையில் இருப்பவர்கள். பலர் கேட்டுப் பழகியவர்கள்.

சத்தமும் ஏமாற்றும். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்று கொஞ்சம் உரத்து ஒலித்தால் அதுதான் தரமானது என்று காது தீர்ப்பு எழுதிவிடும். கடையில் ஒப்பிடும்போது இரண்டின் சத்தத்தையும் செல்போன் மீட்டரிலாவது சமப்படுத்திவிட்டுக் கேட்பது நல்லது. கையில் எடுத்துப்போக வேண்டியது நன்றாகப் பழகிய மூன்று நான்கு பாட்டுகளும், தான் மிக்ஸ் செய்ததில் கோளாறான ஒன்றும்.

தும்பும் தட்டியும்

அறையைச் சரிசெய்வது என்றதும் பலருக்கு நினைவு வருவது முட்டை அட்டையும், கூர்கூராக வெட்டிய ஸ்பாஞ்சும்தான். இரண்டும் உச்ச ஒலியை மட்டும் தின்னும். 57 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஆறு மீட்டர். இரண்டங்குல ஸ்பாஞ்சு அதை என்ன செய்யும்? உச்சம் மட்டும் போய்விட்டால் அறை மந்தமாகி, பேஸின் குழப்பம் இன்னும் துருத்திக்கொண்டு தெரியும்.

உதவுவது தடிமன். நான்கங்குல ராக்வூல் பலகையைத் துணி போர்த்தி, சுவரிலிருந்து நான்கங்குலம் தள்ளி நிறுத்தினால் 100 ஹெர்ட்ஸ் வட்டாரம்வரை ஓரளவு பிடிக்கும். மூலைகளில் இன்னும் தடிமனாக, தரையிலிருந்து கூரைவரை நிறுத்தினால் அதற்கும் கீழே கொஞ்சம் இறங்கலாம். முதலில் வைக்க வேண்டிய இடம் மூலைகள். அடுத்து, கேட்பவருக்கு இருபுறமும் ஒலி முதலில் பட்டுத் தெறிக்கும் சுவர்ப்பகுதி. சுவரில் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போனால், நாற்காலியிலிருந்து பார்ப்பவருக்கு மானிட்டர் எங்கே தெரிகிறதோ அதுதான் அந்த இடம்.

தென்னை விளையும் மாவட்டத்துக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. தென்னந்தும்பு ஒலியை உள்வாங்கும். மலேசியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். நடு, உச்ச ஒலிகளில் நன்றாகவும், பின்னால் காற்றுவெளி விட்டால் கொஞ்சம் கீழேயும் பிடிக்கிறது. தும்புப் பாயை அடுக்கி மரச்சட்டத்தில் இறுக்கினால் உள்ளூர்ச் செலவில் ஒரு தட்டி தயார். ராக்வூல் தீப்பிடிக்காது, தும்பு பிடிக்கும் என்பதால் வயரிங்கிலிருந்து தள்ளி வைப்பது நல்லது. ஈரக்காற்றில் பூஞ்சை வராமல் அவ்வப்போது வெயிலில் காயப்போடவும் வேண்டும்.

திருத்த மென்பொருள்களும் வந்துவிட்டன. அளவெடுக்கும் மைக்கை நாற்காலியில் வைத்து, ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருளில் அறையின் வரைபடத்தை எடுக்கலாம். சவுண்ட்ஐடி போன்றவை அதற்கேற்ப ஒலியைத் திருத்தியும் தரும். ஜெனெலெக் மானிட்டர்கள் சிலவற்றில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. மேடுகளை இவை வெட்டிச் சமன்செய்யும். பள்ளத்தை நிரப்ப முடியாது. அங்கே ஒலி ஒன்றையொன்று ரத்து செய்வதால், எவ்வளவு ஊட்டினாலும் அவ்வளவும் ரத்தாகும். ஆம்ப்ளிஃபயர்தான் மூச்சு வாங்கும்.

எப்போது மாற்றுவது

இவ்வளவுக்குப் பிறகும் மாற்றியே ஆக வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. கம்ப்யூட்டருக்கென்று விற்கும் மூன்றங்குல மல்டிமீடியா ஸ்பீக்கரில் மிக்ஸ் செய்பவர் யோசிக்கவே வேண்டாம். நல்ல ஐந்தங்குலம் அவருக்கு வேறு உலகம். முட்டம், குளச்சல் போன்ற கடலோரத்தில் இருப்பவர்கள் கூம்பைச் சுற்றிய வளையத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஃபோம் வளையம் ஈரத்தில் உதிரும், ரப்பர் தாங்கும். இடதும் வலதும் ஒரே மோனோ ஒலிக்கு வேறு வேறாகக் கேட்டால், பெட்டிகளை இடம் மாற்றி வைத்துப் பார்த்து, கோளாறு பெட்டியோடு கூடவே போனால் பழுது பார்க்கவோ மாற்றவோ வேண்டியதுதான். இரைச்சல் என்றால் அவசரப்படக்கூடாது. எர்த் சரியில்லாத ப்ளக்கும் பேலன்ஸ்டு அல்லாத வயரும்தான் பாதி நேரம் குற்றவாளி.

நாற்காலியையும் மானிட்டரையும் இடம் மாற்றி, மூலைகளில் தட்டி வைத்து, இரண்டு மூன்று மாதம் வேலை பார்த்த பிறகும் ஒவ்வொரு மிக்ஸிலும் ஒரே தவறு திரும்பத் திரும்ப வந்தால், அந்தத் தவறு இருக்கும் அலைவரிசையை இப்போதைய மானிட்டர் காட்டவே இல்லை என்றால், அப்போது புதியதை வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. அறை பன்னிரண்டடிக்குமேல் நீளம் இருந்தால் ஏழு அல்லது எட்டங்குலம். அதற்குக் கீழே என்றால் அதே அளவில் தரம் கூடிய ஒன்று.

வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக்கூட விடாத நிலையில் இருப்பவர்கள் இந்த மாவட்டத்தில் நிறைய. இரவு பத்து மணிக்குமேல் மானிட்டரைப் போட முடியாதவர்கள் அதைவிட நிறைய. அவர்கள் ஒதுக்கிய பணத்தை ஒரு திறந்த வகை ஹெட்போனில் போட்டால் அறை என்ற தொல்லையே கணக்கிலிருந்து போய்விடும். சென்ஹைசர் ஹெச்டி 600 சந்தைக்கு வந்தது 1997-இல். இன்னும் மிக்ஸிங்குக்குப் பயன்படுகிறது. ஹெட்போனில் இடது வலது பிரிவு மிகையாகத் தெரியும், குரலின் அளவைத் தீர்மானிப்பதும் கஷ்டம். அதை ஐந்தங்குலத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். முக்கியமான பாட்டென்றால் கடைசி மிக்ஸை எடுத்துக்கொண்டு, நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் திருவனந்தபுரத்தில் முறையாக அமைத்த ஸ்டுடியோ ஒன்றில் இரண்டு மணி நேரம் வாடகைக்கு உட்கார்ந்து கேட்கலாம். அங்கே கேட்கும் பேஸையும் வீட்டில் கேட்கும் பேஸையும் ஒப்பிட்டு ஒரு தாளில் எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு கடைக்குப் போகும்போது என்ன கேட்டு வாங்க வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே இருக்கும்.